பல்லேகல கொப்பியா, கட்டுகஸ்தோட்டை கொப்பியா

மச்சான், எங்க தோட்டத்து லயத்துப் பக்கம் யாராச்சும் முனி அடிச்சிருச்சுனு சொன்னா, அது முனி இல்ல, கசிப்புச் சாராயம்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவன் நான். கேம்பஸ்ல ஹொஸ்டல் ரூம்ல ஆவி வருதுனு பசங்க அலறுனப்ப கூட நான் குறட்ட விட்டுத் தூங்குனவன். அதனால இப்ப சொல்றத கேட்டுட்டு நீ சிரிப்பேனு தெரியும். சிரி, பரவால்ல. நானா இருந்தாலும் சிரிப்பேன்.

வேலை என்னன்னு கொஞ்சம் சொல்லணும், இல்லாட்டி கதை விளங்காது. கண்டியில ஒரு டயாலிசிஸ் சென்டர், கிட்னி போனவங்களுக்கு ரத்தம் சுத்தம் பண்ற இடம். அவங்களோட நோயாளி விவரம், வார்ட் கேமரா, எல்லாம் சேர்ந்து ஒரே விர்ச்சுவல் மெஷினா, கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற கம்ப்யூட்டரா, எங்க சர்வர்ல ஓடுது. அந்த மெஷினோட மொத்த டிஸ்க்கும் ஒரே ஒரு பெரிய ஃபைல் தான். அதை ரெண்டு இடத்துல வச்சிருக்கோம், ஒண்ணு பல்லேகல ஆபீஸ்ல, இன்னொண்ணு கட்டுகஸ்தோட்டையில. இங்க ஒரு எழுத்து விழுந்தா அங்கயும் விழும். நடுவுல ஒரு சர்வர் அந்த ரெண்டையும் ஒண்ணா ஆக்கி, என்.எஃப்.எஸ்ங்கற நெட்வேர்க் வழியில ஒரே ஃபைலா திருப்பிக் குடுக்கும், மெஷின ஓட்டுற ஹோஸ்டுகளுக்கு கொப்பி ரெண்டு இருக்குறதே தெரியாது. சோக்கா ஓடும். ஆனா மூணாவதா ஒரு சாட்சி மெஷின் வைக்கணும், இதுங்க ரெண்டும் ஒத்துப்போகலனா யாரு சொல்றது உண்மைனு சொல்ல. மேல இருக்குறவங்க அத அப்புறம் பாப்போம்னுட்டாங்க.

அன்னைக்குப் போயா, பௌர்ணமி. ஊரே லீவு, அதனால எங்களுக்கு மட்டும் வேலை, எல்லா மராமத்தும் போயா அன்னைக்குத் தான் செய்வோம். நான் பல்லேகலைல தனியா, ரிஸ்மி நானா கட்டுகஸ்தோட்டையில தனியா. நானா எனக்கு அண்ணன் மாதிரி, சீனியர், அலவத்துகொட ஆளு, அவரைப் பெத்த உம்மாவுக்கும் கிட்னி போச்சு. காலைல உம்மாவ அதே சென்டர்ல இறக்கி விட்டுட்டுத் தான் வேலைக்கே வந்தாரு. டயாலிசிஸுக்கு ஏது போயா.

பின்னேரம் நல்ல மழை. ஒரு இடி இடிச்சுது பாரு, ரெண்டு ஆபீஸுக்கும் நடுவுல இருந்த லைன் போச்சு. கட்டுகஸ்தோட்டை ஹோஸ்ட் என்ன நினைச்சுது, பல்லேகல செத்துப் போச்சுனு நினைச்சு அதே மெஷின அங்கயும் ஸ்டார்ட் பண்ணிருச்சு. இங்கயும் ஓடுது, அங்கயும் ஓடுது, ரெண்டும் ஒரே வார்ட் கேமராவ பதிஞ்சுகிட்டு. லைன் திரும்பி வந்தப்ப ரெண்டு கொப்பியும் வேற வேற. சிஸ்டம் ஃபைல பூட்டிருச்சு. வார்ட்ல ஸ்க்ரீன் எல்லாம் உறைஞ்சு போச்சு, யாருக்கு எவ்வளவு நேரம் மெஷின் ஓடுச்சு, என்ன மருந்து போட்டாங்க, ஒண்ணும் தெரியாது. இனி ஒரு கொப்பிய வச்சுக்கிட்டு மத்தத அழிக்கணும். கலக்க முடியாது, ஒதுக்கி வைக்க டிஸ்க்ல இடமும் இல்ல.

நானா போன் எடுத்தாரு. "தம்பி, என்ட பக்கத்து கொப்பி தான் புதுசு ஈக்கி, கடைசியா எழுதினது இது. இத வச்சிட்டு ஒன்ட பக்கத்த அழி."

"சரி நானா, ஒருக்கா பாத்துட்டு அழிக்கிறேன்."

"என்னத்த பாக்குற, கல்யாணப் பொண்ணா? உம்மா உள்ள ஈக்கிறா, வார்ட் போன் வேற எடுக்குறாங்க இல்ல, உம்மாட போன் என்ட பேக்குல கெடக்கு. கெதியா செய் வாப்பா."

புதுசு எதுவோ அதத் தான் வைக்கணும், அது எங்க தொழில்ல சட்டம் மாதிரி. சும்மா ஒரு திருப்திக்கு ரெண்டு கொப்பியையும் வாசிக்க மட்டும் திறந்து, கேமரா பதிவ பக்கத்துல பக்கத்துல ஓட விட்டேன். ஒரே கேமரா, ஒரே நேரம், ரெண்டும் ஒண்ணா தானே இருக்கணும்.

பல்லேகல கொப்பியில உம்மா ஜன்னலோர கட்டில்ல சாஞ்சு உக்காந்து நர்ஸ்கிட்ட என்னமோ கேக்குறா. பக்கத்து கட்டில்ல திரை இழுத்து விட்டிருந்துச்சு.

கட்டுகஸ்தோட்டை கொப்பியில ஜன்னலோர கட்டில்ல வெள்ளத் துணி. தலை வரைக்கும். நர்ஸ் ரெண்டு பேர் கைய கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. பக்கத்து கட்டில்ல திரை இல்ல, ஒரு வயசான மனுஷன், கையில டியூபோட, எழும்பி உக்காந்து அந்தத் துணியவே பாத்துக்கிட்டு இருக்காரு.

நம்புனா நம்பு, இல்லாட்டி விடு. நேரத்த திரும்பத் திரும்பப் பாத்தேன், செக்கன் கூட பிசகல. ரெண்டு ஜன்னல்லயும் ஒரே மழை, வெளிய ஒரே மரம் ஒரே பக்கம் ஆடுது.

"என்ன தம்பி, அழிச்சாச்சா?"

"நானா, நம்ம பல்லேகல கொப்பியவே வைப்போம்."

"பைத்தியமா ஒனக்கு? அது பழசு."

"சரின்னா சரி நானா, விடுங்க."

"காரணத்த செல்லு."

அவரு அழுத்தி அழுத்தி வைக்கச் சொல்றது எந்தக் கொப்பியனு அவருக்குத் தெரியாது. நான் அவரு பக்கத்து கொப்பிய அழிக்க கமாண்ட் அடிச்சேன். என்டர் தட்டுறதுக்கு முன்னால அந்த வயசான மனுஷன் துணியில இருந்து பார்வைய எடுத்து, மெதுவா தலைய தூக்கி கேமராவப் பாத்தாரு. தட்டிட்டேன். கட்டுகஸ்தோட்டை கொப்பி போச்சு. வார்ட் ஸ்க்ரீன் எல்லாம் திரும்ப வந்துச்சு. கொஞ்ச நேரத்துல நானாவுக்கு வார்ட்ல இருந்து கோல், உம்மா நல்லா இருக்கா, பசிக்குதாம், பணிஸ் வாங்கிட்டு வரட்டாம். நானா சிரிச்சாரு.

இத்தோட முடிஞ்சிருந்தா நானே ஏதோ டிஸ்க் கோளாறுனு மறந்திருப்பேன் மச்சான்.

அடுத்த வாரம் குண்டசாலைல இருந்து ஒரு அண்ணன் எங்க ஆபீஸுக்கு வந்தாரு, சென்டர்ல கடுதாசி வாங்கிக்கிட்டு. அவரோட அப்பா அந்தப் போயா அன்னைக்குப் பின்னேரம் அதே வார்ட்ல, ஜன்னலுக்குப் பக்கத்து கட்டில்ல செத்துட்டாராம். காலைல நல்லாத்தான் இருந்தாராம். கடைசி நேரத்த ஒருக்கா பாக்கணும்னாரு. நான் தான் போட்டுக் காட்டினேன். உம்மா நர்ஸ்கிட்ட பேசுறா, பக்கத்துல திரை, திரைக்கு உள்ள ஆளுங்க அசையுற நிழல். அவ்வளவு தான்.

அவரு ரொம்ப நேரம் அந்தத் திரையவே பாத்தாரு. அப்புறம் போன்ல அப்பா போட்டோவ எடுத்து எனக்குக் காட்டினாரு, நான் கேக்கவே இல்ல. அன்னைக்குக் கேமராவப் பாத்த அதே முகம் தான்.

"தம்பி, எல்லாத்துக்கும் ரெண்டு கொப்பி வச்சிருக்கீங்கனு சென்டர்ல சொன்னாங்களே," அப்படின்னாரு. "இன்னொண்ணுல அப்பா தெரிவாரா?"

நான் இல்லண்ணே, ரெண்டும் ஒண்ணு தான்னு சொல்லிட்டேன்.