‘காசிப்’ என்ற சொல்லைப் படித்தவள்

அகராதி அலுவலகத்தில் அவளுக்குப் பழஞ்சொல்காரி என்று பெயர். ஆங்கிலத்தில் யாரும் சீண்டாமல் கிடக்கும் சொற்களும் பழைய அர்த்தங்களும் அவள் மேஜைக்குத்தான் வரும். எதிர் மேஜைக்காரிக்கு ரேடியோ என்று பெயர், வாய் ஓயாது. அச்சுக்குப் போகுமுன் ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி வாய்விட்டுப் படிக்க வேண்டும், எழுதியவள் கேட்டுத் திருத்த வேண்டும். அங்கே அதுதான் வழக்கம். உயிருக்குயிராக இருந்த இருவரும் பேச்சை முறித்துக்கொண்டு பல வருஷமாகியும் அந்த வேலை மட்டும் நிற்கவில்லை. மனுஷப் பேச்சு கிடையாது, அகராதி மட்டும் தினமும் கணீரென்று கேட்கும். இதைவிடக் கூத்து வேறு உண்டா?

ரேடியோ ஓய்வு பெறும் நாளன்று ‘காசிப்’ (gossip) என்ற சொல் வந்தது. பழஞ்சொல்காரி வேண்டுமென்றே வைக்கவில்லை. வரிசைப்படி வந்து தொலைத்தது. இன்று பேசாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ரேடியோ படித்தாள். முதலில் அந்தச் சொல் ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாயையும் ஞானத்தகப்பனையும் குறித்தது. அப்புறம் நெருங்கிய சிநேகிதியை. அப்புறம் பிரசவ அறையில் கூட நிற்கும் பெண்ணை. பெண்கள் கூடிய இடத்தில் பேச்சுக்கா பஞ்சம் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். அது வம்புக்காரி என்றாகி, கடைசியில் ஆள் போய் வம்பு மட்டும் நின்றது.

பிரசவ அறை வந்ததுமே ரேடியோவின் குரல் இறங்கிவிட்டது. பழஞ்சொல்காரிக்கு வலி வந்தபோது ஆஸ்பத்திரியில் கூட நின்றவள் அவள்தான். பிறகு தன் கணவன் வீட்டைவிட்டுப் போய்விட்டதைப் பழஞ்சொல்காரி இவள் ஒருத்தியிடம்தான் சொன்னாள். மறுநாள் அலுவலக வாசலில் நிற்கும் காவலாளிகூட அவளிடம் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

ரேடியோ தாளைக் கீழே வைத்தாள்.

“உன் விஷயத்த நான்தான் வெளிய சொன்னேன். தப்பு என்மேலதான்.”

“தெரியும்.”

இத்தனை வருஷம் பொத்திவைத்த கோபத்தைப் பழஞ்சொல்காரி தேடிப் பார்த்தாள். கோபமும் இல்லை, பாசமும் இல்லை. மரத்துப்போன காலைத் தொட்டால் வேறு யாருடைய காலையோ தொட்டதுபோல இருக்குமே, அப்படி இருந்தது.

“உன் பொண்ண ஒரு தடவ பாக்கணும். நான்தானே மொதல்ல கையில வாங்கினேன்.”

எழுத்துப்பிழை ஒன்றைச் சொல்வதுபோலத்தான் பழஞ்சொல்காரி பதில் சொன்னாள்.

“அவளுக்கு உன்னைத் தெரியாது. வீட்டுல உன் பேரையே நான் எடுத்ததில்ல.”

ரேடியோ தாளை எடுத்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.  பழஞ்சொல்காரி தாளை வாங்கி, அடுத்த சொல்லைத் தானே படிக்க ஆரம்பித்தாள்.