குளிர்பெட்டி வேண்டாம்

பேக்கரியில் அவளுக்கு ‘ஈரக்கை’ என்றுதான் பெயர். உள்ளங்கை எப்போதும் வேர்க்கும். கேக் மேல் வைக்கிற சர்க்கரைப் பூக்களைச் செய்வது அவள்தான். சுடச்சுடப் பாகை இழுத்து இழுத்து, கண்ணாடி போல மினுங்கும் இதழ்களாக்குவாள். கையில் பருத்தி உறை, அதன்மேல் ரப்பர் உறை. பதினோரு வருஷமாக இப்படித்தான்.

அந்த மழை வாரத்தில் ஒரு கல்யாணக் கேக்கின் பூக்கள் அத்தனையும் பிசுபிசுத்துச் சரிந்தன. முதலாளி எல்லோர் முன்னாலும் கத்தினார்.

“எல்லாம் உன் கை ராசி! இனிமே துணிப்பூ போதும். நீ பிஸ்கட் பாக்கெட் ஒட்டு.”

அவளுக்குச் சுருக்கென்றது. “என் கைய விடுங்க. பூவை ஃப்ரிட்ஜுல வெச்சது யாரு?”

“நான்தான். குளுகுளுன்னு இருந்தா கெடாதுல்ல?”

“வெளிய எடுத்ததும் அதுக்கு வேர்த்துக் கொட்டும். நாளைக்குக் காட்டுறேன். நான் சொல்றது தப்புன்னா வேலைய விட்டுடறேன்.”

விஷயம் கேட்டு வீட்டுக்காரர் தலையில் கைவைத்தார். “கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா?”

“கூடாது,” என்று சோற்றைப் பிசைந்தாள்.

மறுநாள் ஒரே பாகில் இரண்டு பூ செய்தாள். ஒன்று ஃப்ரிட்ஜுக்குள் போனது. மற்றதை, ஈரத்தை உறிஞ்ச அடியில் நீற்றாத சுண்ணாம்புக்கல்லைத் துணியில் முடிந்து போட்ட தகர டப்பாவில் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினாள். மதியம் இரண்டையும் மேசைமேல் எடுத்து வைத்தாள். வேலையாட்கள் சுற்றி நின்றார்கள். பத்தே நிமிடத்தில் ஃப்ரிட்ஜ் பூவில் முத்து முத்தாக நீர் கோத்து, இதழ்கள் தொங்கின. டப்பாப் பூவை நகத்தால் சுண்டினாள். ணங்கென்றது.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். “சரி சரி, டப்பாவுலயே வை.”

“அது மட்டும் போதாதுங்க. நேத்து எல்லார் முன்னாடியும் திட்டினீங்க. இப்பவும் எல்லாரும் இருக்காங்க.”

“தப்பு என்மேலதான்,” என்று முனகினார்.

“கேக்கலைங்க.”

இரண்டாம் முறை அடுப்படி வரைக்கும் கேட்டது.

அடுத்த கல்யாணத்துக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவளே வண்டியில் போனாள். மண்டபத்து மேலாளர் பறந்தார். “கேக் மொட்டையா நிக்குதும்மா!”

“நிக்கட்டும். வெளிக்காத்துல அரைமணி நேரம் கூடத் தாங்காது. பொண்ணு மாப்பிள்ளை வாசலுக்கு வரட்டும், திறக்கிறேன்.”

அவர் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தார். அவள் மூடிமேல் வைத்த கையை எடுக்கவில்லை. வாசலில் கைதட்டல் கேட்ட பிறகுதான் டேப்பைக் கிழித்து, ஒவ்வொன்றாகப் பதித்தாள். கேக்கில் கத்தி இறங்கும்வரை ஓர் இதழும் மடங்கவில்லை. அதுவரை அவளும் நகரவில்லை.