மூக்கு போன மயில்

பிலிப் வாயைத் திறந்தால் ஆரணி பஜார் முனை வரை கேட்கும். சென்னைக் கம்பெனியில் மேனேஜரோடு மல்லுக்கு நின்று, வேலையை உதறிவிட்டு 2006இல் ஊர் திரும்பியவன். வந்ததும் பட்டு வியாபாரி மணவாளனுக்கு ஒரு வெப்சைட் எழுதிக் கொடுத்தான். டிசைன் வரைகிறவர்கள் அதில் ஃபைலை இணைத்து அனுப்பிவிடலாம். கடையில் திறந்தால் பார்க்கச் சின்னப் படம் வரும். டிசைனைத் துளைகளாக்கித் தறிக்கு அட்டை குத்தும் பட்டறையின் கம்ப்யூட்டர் கேட்டால், இழைக்கு ஒரு புள்ளியாக வரைந்த அசல் ஃபைலே போகும். ஒரே முகவரி, கேட்பவருக்கு ஏற்ற பதில். வேலை சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. மணவாளனுக்குப் பொறுக்குமா?

"அசலை இன்னாத்துக்கு வெளிய உடுற? பவர்லூம்காரன் காப்பி அடிச்சி நாளைக்கே சேவூர்ல ஓட்டிகினு இருப்பான். எல்லாருக்கும் படத்தையே குடு."

"படத்துல புள்ளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்ங்க! அத வச்சி அட்டை குத்தினா தறியில குப்பதான் வரும்!"

கடையே அதிரக் கத்தினான். மணவாளன் காதைக் குடைந்தபடி, "சொன்னத செய்" என்றார். கத்தி ஓய்ந்த பிலிப் உட்கார்ந்து அதையே செய்தான். இடி இடிக்கும், மழை பெய்யாது. அவன் கோபத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

பட்டறை, வந்த படத்தை அசல் என்று நம்பி அட்டை குத்தியது. நெசவாளி பூங்காவனம் அதைத் தறியில் ஏற்றினார். புடவையின் நல்ல பக்கம் கீழே பார்த்தபடிதான் நெசவு ஓடும், நெய்கிறவர் கண்ணில் படாது. கடையில் விரித்தபோதுதான் தெரிந்தது, கரையில் ஒரு மயிலுக்கும் மூக்கு இல்லை.

"கண்ண மூடிகினு நெய்தியா? இனிமே உனக்குப் பாவு கிடையாது, போ!" என்றார் மணவாளன். நெய்ய வியாபாரி கொடுக்கும் பாவு நூல் இல்லையென்றால் தறி இல்லை, அடுப்பும் இல்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி!

பிலிப் எகிறினான். "அவர் மேல தப்பே இல்ல! நீங்க மாத்தச் சொன்னீங்களே, அந்த ஃபைலால வந்தது இது!"

மணவாளன் தெருவைப் பார்த்தார். பூங்காவனம் பிலிப்பைப் பார்த்தார்.

"இப்டி ஆவும்னு முன்னாடியே தெரியுமா தம்பி?"

"தெரியும்ணே. அப்பவே இவர்கிட்ட சண்ட போட்டேன்."

"தெனம் என் வூட்டு வழியாதான வண்டில போற? தறி ஓடுற சத்தம் கேட்டுகினுதான போன? இவர்கிட்ட அம்மாங் கத்து கத்தினவன், எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னியா?"

பூங்காவனம் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.