செவலைக்குப் போடாத ஊசி

சிக்கந்தர் பாய் இறந்துவிட்டார்.

காலையில் அவர் மகன் போன் பண்ணினான். "டாக்டர் மாமா, வாப்பா போயிட்டாரு. மையத்து எடுக்குறதுக்குள்ள வெரசா வந்துருங்க. நீங்க வராம எடுக்க மாட்டோம்."

போய்விட்டு இப்போதுதான் வீடு திரும்பினேன். சட்டைகூட மாற்றவில்லை. இதை எழுதாமல் என்னால் உட்கார முடியாது.

முதலில் ஒன்று... நான் டாக்டர் இல்லை. போடி மாட்டாஸ்பத்திரியில் காம்பவுண்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். என்னை டாக்டர் என்று கூப்பிட்டது பாய் குடும்பம் மட்டும்தான். நாற்பது வருஷத்துக்கும் மேலாக.

எழுபதுகளின் கடைசி. ரோடு போகாத எஸ்டேட்டுகளுக்குக் குரங்கணியிலிருந்து குதிரையில்தான் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏறும், ஏலக்காய் மூட்டை இறங்கும். பாயிடம் இருந்தது ஒரே ஒரு மட்டக்குதிரை. பெயர் செவல. அது நடந்தால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும்.

லாடம் அடிக்கும்போது ஆணி ஒன்று சதையில் இறங்கிவிட்டது என்று ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டி வந்தார். டாக்டர் கேம்ப் போயிருந்தார். குதிரைக்குக் குளம்பில் புண் என்றால் டெட்டனஸ் ஊசி கட்டாயம். எனக்கு அது நன்றாகவே தெரியும்.

பாய்க்கு ஒரு பழக்கம். ரெண்டு மூட்டையை ஒரே மூச்சில் தூக்குகிற மனுஷன், செவலைக்கு ஊசி குத்துவதை மட்டும் பார்க்க மாட்டார். "நீங்க குத்துங்க தம்பி, நான் டீ குடிச்சுட்டு வர்றேன்" என்று எதிர்க்கடைக்கு நழுவிவிடுவார்.

அன்றைக்கு ராசிங்காபுரத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். மூன்றரை மணி பஸ். ஸ்டவ்வைப் பற்றவைத்து, சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, குதிரையைக் கட்டி... எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும்.

புண்ணைக் கழுவினேன். அயோடின் ஊற்றிக் கட்டினேன். அவ்வளவுதான்.

"ஊசி போட்டாச்சா தம்பி?"

"ஆச்சு பாய். கூட்டிட்டுப் போங்க."

பஸ்சைப் பிடித்துவிட்டேன். பெண்ணும் பிடித்துவிட்டது.

பத்து நாள் கழித்து பாய் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்தார். "தம்பி, செவல வாயத் தொறக்க மாட்டேங்குது. காது ரெண்டும் வெறச்சுப் போச்சு." டெட்டனஸ்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

டாக்டர் என்னையும் ஏற்றிக்கொண்டு குரங்கணிக்குப் போனார். செவலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அன்னைக்கு டெட்டனஸ் ஊசி போட்டியாய்யா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் பாய் முந்திக்கொண்டார். "போட்டாரு சார். என் கண்ணால பாத்தேன்."

அவர் பார்க்கவில்லை. டீக்கடையில் இருந்தார்.

"அப்ப டெட்டனஸா இருக்காதே..." என்று டாக்டர் குழம்பினார். வயிற்றுக் கோளாறுக்கு மருந்து கொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும், பேசி முடித்த கல்யாணம் போகும் என்று நின்றேன். செவலைக்கு ஒரு நாள் முழுசாக வீணாய்ப் போனது.

மறுநாள் அதன் நாலு காலும் கட்டைபோல் நின்றன. தாடை பூட்டிக்கொண்டது. டெட்டனஸ்தான் என்பதில் டாக்டருக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. "சிலதுக்கு ஊசி எடுபடாதுய்யா" என்று அவரே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார். மதுரையிலிருந்து மருந்து வரவழைத்தார். வெளிச்சமோ சத்தமோ பட்டால் உடம்பு முறுக்கி இழுத்துவிடும், இருட்டில் வை என்றார்.

ஜன்னலே இல்லாத கட்டடம் ஊரில் ஒன்றுதான். ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர். சீசன் முடிந்து சும்மா கிடந்தது. செவலையை உள்ளே நிறுத்தி, காதில் பஞ்சு அடைத்து, வாசலில் சாக்குத் தொங்கவிட்டோம். ஊசி போட நான், பக்கத்தில் இருக்க பாய்.

பதினைந்து நாள். கதவு சாத்திய இருட்டு, மூச்சு முட்டுகிற ஏலக்காய் வாசம். இருமக்கூடக் கூடாது. இருமல் வந்தால் வாயில் துண்டை அடைத்துக்கொள்வேன். அந்தக் குதிரை விறைத்து நிற்பதை மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். அதன் மூச்சு மட்டும்தான் கேட்கும். எழுந்து ஓடவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் முடியாது.

அங்கே ஒவ்வொரு தடவையும் சிரிஞ்சைச் சரியாகக் கொதிக்கவைத்தேன்.

ஒரு நாள் பாய் என் காதோரம் வந்து கிசுகிசுத்தார். "அன்னைக்குப் பொண்ணு பாக்கப் போனீகளாமே தம்பி, புடிச்சுருக்கா?"

"புடிச்சிருக்கு பாய்."

"நம்ம செவல வந்த நேரம்!" என்றார். இருட்டில் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

செவல பிழைத்தது. ஒரு பிடி புல்லை அது மென்ற சத்தத்தில் பாய் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

என் மாப்பிள்ளை அழைப்புக்கு டாக்சி பேசியிருந்தோம். பாய் செவலையைச் சிங்காரித்து வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். "எங் குதிரைக்கு உசுரு குடுத்த ஆளு, கார்லயா போறது? ஏறுங்க மாப்ளே!" ஊரே கை தட்டியது. ஏறினேன். போடி கடைத்தெரு முழுக்க, மாலையும் கழுத்துமாக, கீழே இறங்க வழியில்லாமல் போனேன். அது குளம்பை எடுத்துவைக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு கூசியது.

அதன்பிறகு எந்த விசேஷத்திலும் என்னை முன்னால் இழுத்து நிறுத்தி அந்தக் கதையைச் சொல்வார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அவர் வரும் தெருவைத் தவிர்த்து வேறு தெருவில் போன நாளும் உண்டு.

இன்றைக்குக் கபர்ஸ்தானிலும் அதே கதை. அவர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். "இவருதான்... செவலையக் காப்பாத்துன டாக்டரு." மண் போடுகிற வரிசையில் என்னை முன்னால் விட்டார்கள்.

போட்டேன்.

பாய், நீங்கள் ஏன் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னீர்கள்? தெரிந்து சொன்னீர்களா, நம்பிச் சொன்னீர்களா? கேட்கப் பயந்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

உங்கள் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள். என் வீட்டுக்காரிக்கும் இன்றைக்குத்தான் தெரியும்.

அந்த ஊசியை நான் போடலை பாய்.

போங்க... நல்லாத் தூங்குங்க.