வழியனுப்பு ஜெபம்

1. சும்மா இருக்க விடாதீர்கள்

மண்டலப் பொறுப்பை ஏற்ற முதல் நாள், எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் என் கையில் ஒரு பெரிய காலண்டரையும் சிவப்புப் பேனாவையும் கொடுத்தார். "லீவுல வாற மிஷனரிகளச் சும்மா இருக்க விடாதீக. சும்மா இருந்தா வீட்டு நெனப்பு வந்துரும். அப்புறம் திரும்பிப் போக மாட்டாக" என்றார். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மிஷனரி சங்கம் தமிழ்க் குடும்பங்களை வடக்கே, முக்கியமாக ஒடிசா மலைப்பகுதிக்கு, ஊழியத்துக்கு அனுப்பியது. அந்த இடத்தைப் பணித்தளம் என்போம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு இரண்டு மாதம் ஹோம் லீவு. லீவு என்று பெயர்தான். வந்து இறங்கிய மூன்றாம் நாளே அவர்களைச் சபை சபையாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசவைக்க வேண்டும். இதற்கு டெபுடேஷன் என்று பெயர். காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, மானாமதுரை என்று புரோகிராம் போடுவதும், ரயில் டிக்கெட் எடுப்பதும், கடைசியில் ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்புவதும் என் பொறுப்பு.

அதற்கு முன் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருபது வருடம் டைம்டேபிள் போட்டவள் நான். காலிப் பீரியடைக் கண்டால் எனக்கு ஆகாது. காலண்டரில் வெள்ளையாக ஒரு கட்டம் கிடந்தால், அதில் ஒரு ஜெபக்குழுவையாவது எழுதிவிட்டுத்தான் தூங்கப் போவேன். மற்ற மண்டலத்துக்காரர்கள் என்னிடம் வந்து, எப்படி இத்தனை கூட்டம் போடுகிறீர்கள் என்று கேட்பார்கள். எனக்கு அதில் பெருமை கொஞ்ச நஞ்சமல்ல. இன்று அந்தக் காலண்டர்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2. வியாழக்கிழமை

தமிழ்ச்செல்வி காரைக்குடிக்குப் பக்கத்தில் மானகிரிப் பெண். நிலபுலம் உள்ள விவசாயக் குடும்பம். சாமி கும்பிடுகிற வீடு. காரைக்குடியில் நர்சிங் படித்தபோது என் வீட்டு ஜெபக்குழுவுக்கு வர ஆரம்பித்தாள். பிறகு ஞானஸ்நானம் எடுத்தாள். எங்கள் சபையைச் சேர்ந்த ஜெயசீலனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இருவரும் ஒடிசாவுக்குப் போனார்கள். அங்கே அவர் முதியோருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து ஊழியம் செய்தார், அவள் சின்ன மருந்தகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு பிள்ளைகள்.

கல்யாணத்தன்றே அவள் அப்பா, எனக்கு மகள் இல்லை என்று சொல்லிவிட்டார். அம்மா முன்பே இறந்துபோயிருந்தார். அப்பாவும் அண்ணனும் மதினியும்தான் வீட்டில். ஒவ்வொரு லீவிலும் செல்வி மானகிரிக்குப் போவாள். கேட்டுக்கு வெளியே நிற்பாள். அவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவாள். வந்து என்னிடம் அழுவாள். அடுத்த லீவிலும் போவாள்.

நான் சொல்லவந்த லீவில் அவர்களுக்கு இருபத்தாறு கூட்டம் போட்டிருந்தேன். பிள்ளைகள் இருவரும் ஒடிசா மலை உடுப்பைப் போட்டுக்கொண்டு அங்குள்ளவர்களின் குயி மொழியில் ஒரு பாட்டுப் பாட வேண்டும். சபையாருக்கு அது ரொம்பப் பிடிக்கும். பதினெட்டாவது சபையில் சின்னவன் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றான். மிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பாடவைத்தேன். அதையும் ஒரு சாமர்த்தியம் என்று பிறகு பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவர்களுக்கு ரயில். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை செல்வி என் வீட்டுக்கு வந்தாள். மதினி போன் செய்தாளாம். அப்பா தானாகவே, அவள் என்றைக்குப் போகிறாள் என்று விசாரித்தாராம். எட்டு வருடத்தில் முதல் தடவை. வியாழக்கிழமை வந்தால் பார்ப்பார் போலிருக்கிறது என்று மதினி சொன்னாளாம்.

"அக்கா, அந்த ஒரு நாள மட்டும் விட்டுருங்க. நீங்க வேற எங்க போகச் சொன்னாலும் போறேன்" என்றாள்.

வியாழக்கிழமை சிவகங்கைச் சபையில் பெண்கள் ஐக்கியத்தின் ஆண்டு விழா. செல்விதான் பேச்சாளர். நோட்டீசில் படம் போட்டு அச்சடித்துவிட்டார்கள். ஒரு போன் போட்டு, வரமுடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சங்கடம்தான், ஆனால் உலகம் முடிந்துபோயிருக்காது. நான் போடவில்லை.

"போன லீவுலயும் கேட்டுல நின்னுட்டுத்தான வந்த? ஒம் மதினி சொன்னத நம்பிப் போயி, மறுபடி மனசு ஒடஞ்சு வரப் போறியா? மறுநாள் ரயில வச்சுக்கிட்டு அந்த அழுகை வேண்டாம்" என்றேன். அவள்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நோட்டீசைக் காப்பாற்றத்தான் சொன்னேன்.

அவள் சிவகங்கைக்கு வந்தாள், நன்றாகவே பேசினாள். அன்று மானகிரியில் அவள் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மத்தியானம் வரைக்கும் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு வயலுக்குப் போனார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

3. ஒன்றாம் பிளாட்பாரம்

ராமேஸ்வரத்திலிருந்து வடக்கே போகும் அந்த வண்டி முற்பகலில் காரைக்குடிக்கு வரும். மூன்று நிமிடம் நிற்கும். எங்கள் வழக்கம் என்னவென்றால், வண்டி வருவதற்கு முன்பே சபையார் முப்பது நாற்பது பேர் பிளாட்பாரத்தில் வந்து கூடிவிடுவோம். குடும்பத்தை நடுவில் நிற்கவைத்து, சுற்றி வளையமாக நின்று ஒரு பாட்டுப் பாடுவோம். பிறகு போதகர் ஜெபிப்பார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்போம்.

நான் மட்டும் வளையத்துக்கு வெளியே நிற்பேன். பெட்டி படுக்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அன்றைக்குப் பதினோரு உருப்படி. மாவு டின், ஊறுகாய் ஜாடி, மருந்துப் பெட்டி எல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

போதகர் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் வேகமாக நடந்து வந்தார். வேட்டி, சட்டை, தோளில் துண்டு. கையில் ஒன்றும் இல்லை. கூட்டத்தைப் பார்த்து நின்றார். எட்டி எட்டிப் பார்த்தார். ஆட்கள் நெருக்கமாக நின்றதால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் வந்தார்.

"தாயி, இங்குட்டு செல்வின்னு..." என்று ஆரம்பித்தார்.

நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். ஜெபம் நடக்கிறது, பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. செல்வி என்ற பெயர் என் காதில் விழத்தான் செய்தது. ஊரில் எத்தனையோ செல்வி. வழியனுப்ப வந்த யாரோ ஒருவர் என்று நினைத்துக்கொண்டு மறுபடி பெட்டிகளை எண்ணப் போய்விட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். அந்த வெயிலில், சுடுகிற தரையில், வெறுங்காலோடு கைகட்டி நின்றார். இந்த ஜெபத்துக்காகத்தான் பெற்ற மகளையே வேண்டாம் என்றவர் அவர். அதற்கு அவர் கொடுத்த மரியாதையில் பாதியை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

போதகர் அன்றைக்கு ஒடிசாவின் ஒவ்வொரு கிராமத்துக்காகவும் ஜெபித்தார். வண்டி உள்ளே வந்த பிறகும் முடிக்கவில்லை. எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். ஆமென் சொன்னதும் ஒரே களேபரம். பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்தார்கள், பெட்டிகளைத் திணித்தார்கள். கோச் வாசலை அடைத்துக்கொண்டு எல்லோரும் கையாட்டினார்கள். நானும்தான். வண்டி நகர்ந்தது.

கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், அந்தப் பெரியவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வண்டி போயிருச்சா, தாயி?"

"போயிருச்சுங்கய்யா. நீங்க யாரப் பாக்க வந்தீக?"

"எம் மகள" என்றார்.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். செல்வியின் நெற்றி அப்படியே இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். என்ன கேட்டேன், எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. உடனே போனை எடுத்துச் செல்விக்குப் போட்டு, பேசுங்கள் என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மொகத்தப் பாக்காம என்னத்தப் பேச? எட்டு வருஷம் அவள வாசல்ல நிக்க வச்சேன். இன்னைக்கு நான் நின்னேன். சரியாப் போச்சு, விடு தாயி" என்றார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

4. திருச்சி வரைக்கும் நேரம் இருந்தது

இதுவரை செய்தது கவனக்குறைவு. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல, யோசித்தே செய்தது.

போனில் செல்வியிடம் விஷயத்தைச் சொன்னேன். "திருச்சியில எறங்கி வந்துருறேங்க்கா" என்றாள். ஜெயசீலன் போனை வாங்கி, நாலு பேருமே இறங்கிவிடுகிறோம், இரண்டு நாள் கழித்துப் போகிறோம் என்றார். அவர் நல்ல மனுஷன்.

என் மூளை உடனே கணக்குப் போட்டது. பணித்தளத்தில் இவர்களுக்குப் பதிலாக இருந்த தம்பதி திங்கட்கிழமை கிளம்புகிறார்கள், மருந்தகம் பூட்டிக் கிடக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. இந்த டிக்கெட்டை விட்டால் அடுத்து வெயிட்டிங் லிஸ்ட். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். இரண்டு நாளில் ஒன்றும் கவிழ்ந்துபோயிருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

"போயிருங்க செல்வி. அப்பா மனசு எளகிருச்சு, இனி எங்க போயிறப் போறாரு? அடுத்த லீவுல நானே ஒன்னய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"சரிங்க்கா" என்றாள். முதல் நாளிலிருந்தே நான் சொன்னதைக் கேட்டுப் பழகியவள்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை மதினிக்குப் போன் செய்வாளாம். மதினி ஸ்பீக்கரில் போடுவாள். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பார், ஆனால் பேசமாட்டார். மகள் நேரில் வரட்டும் என்று இருந்திருக்கிறார்.

ஏழாவது மாதம் அவர் இறந்துபோனார். நெஞ்சுவலி. செல்வியிருந்த மலையிலிருந்து இறங்கி ரயிலைப் பிடித்து வர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியாது என்று அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

கருமாதிக்குத்தான் அவள் வந்தாள், தனியாக. ஸ்டேஷனுக்குப் போய் நானே மானகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னவள் நான்தானே. கேட் திறந்துதான் இருந்தது. அண்ணன் வந்து, உள்ளே வா என்றார். அவள் அப்பா உட்காரும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என்னைத் திட்டிவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேசினாள்.

"ஜெபம் நடக்கையில பின்னாடி ஒரு இருமல் சத்தம் கேட்டுச்சுக்கா. அது எங்க அப்பா இருமல்தான். வந்துட்டாரோன்னு நெஞ்சு அடிச்சுக்கிருச்சு. ஜெபத்துல கண்ணத் தொறக்கக் கூடாதுன்னுட்டு நின்னுட்டேன்."

அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். நர்சிங் படிக்கிற பிள்ளையாக என் வீட்டு ஜெபத்துக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தவளை முதல் வாரமே கண்டித்தேன். அவள் அதை மறக்கவேயில்லை.

அந்தப் பொறுப்பிலிருந்து இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இன்று அந்த வேலையைச் செய்யும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். லீவில் வருகிறவர்களின் முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் காலண்டரில் தொடாதீர்கள். அது அவர்கள் வீட்டுக்கு உரியது. வழியனுப்பும்போது ஜெபியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் யாராவது வந்து ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால், வாயில் விரலை வைக்காதீர்கள். ஜெபத்தை நிறுத்திவிட்டு, நீங்கள் யார், யாரைத் தேடுகிறீர்கள் என்று கேளுங்கள். அதற்கு ஐந்து வினாடிகூட ஆகாது. எனக்கு அன்று பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தது.