இரண்டு வண்டிக்கு ஒரு பம்ப்

என் அண்ணன் எங்கே போனாலும் கையில் ஒரு துணிப்பை இருக்கும். அதற்குள் விரிசல் விட்ட ஒரு வாட்டர் பம்ப். அவனுடைய பிக்கப் வண்டி அவனைவிட மூத்தது. அதைச் செய்த கம்பெனியை இழுத்து மூடிப் பல காலம் ஆகிறது. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை அதில் ஏற்றி இறக்குவதுதான் அவன் பிழைப்பு. பம்ப் போனதிலிருந்து இரண்டு தெரு தாண்டுவதற்குள் என்ஜின் கொதித்து, யார் யாருடைய பீரோவும் கட்டிலுமோ நடுரோட்டில் நின்றன.

உதிரிபாகக் கடைக்காரர்கள் அவன் தலையைக் கண்டதுமே கையை விரித்துவிடுவார்கள். ஒரு கல்யாண வரவேற்பில், மாப்பிள்ளை மெக்கானிக் என்று யாரோ சொல்லிவிட, மேடையேறிப் பம்பை நீட்டினான். பரிசு என்று நினைத்து மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். துக்கம் கேட்கப் போன வீட்டிலும் வண்டிக் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான்.

அண்ணி பொறுத்துப் பார்த்துவிட்டுப் பழைய இரும்புக்காரரை அழைத்து வந்தாள். அவர் வண்டியைச் சுற்றி வந்து, மாடு வாங்க வந்தவர்போல் விலாவில் தட்டினார். மாதக் கடைசிக்குள் ஓடாவிட்டால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அண்ணி சொல்லிவிட்டாள். அன்று அண்ணன் சாப்பிடவில்லை.

ஊரில் அதே மாதிரி வண்டி இன்னொன்று உண்டு. அது மெத்தைக்கடைக்காரருடையது. அவரிடம்தான் நான் மெத்தை உறை தைக்கிறேன். அவர் வண்டியில் பம்ப் நன்றாக இருந்தது, கார்புரேட்டர் போய்விட்டது. அடுத்தவர் வண்டி எப்போது மண்டையைப் போடும், தேவையானதைக் கழற்றிக்கொள்ளலாம் என்று இருவருமே காத்திருந்தார்கள். வழியில் பார்த்தால் அக்கறையாக விசாரிப்பார்கள்.

"வண்டிக்கு இப்ப எப்படிண்ணே இருக்கு?" என்பான் அண்ணன்.

"அதுக்கென்ன தம்பி, கல்லு மாதிரி இருக்கு."

"ஆமாண்ணே, கல்லு மாதிரியேதான். அசைய மாட்டேங்குது."

மாதம் முடியப் போகிற சமயம், அண்ணன் பையோடு மெத்தைக்கடைக்கு வந்தான். சுற்றி வளைக்காமல் பம்பைக் கேட்டான். அவர் கார்புரேட்டரைக் கேட்டார். கொடுத்தவர் வண்டி அதோடு இரும்புக்கடைக்குப் போகவேண்டியதுதான். இருவருமே விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"ரெண்டு வண்டியும் ஒரே நாள்லயா ஓடணும்?" என்றேன், உறையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தையல் மெஷினே வாய் திறந்துவிட்டதுபோல் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. பம்பும் கார்புரேட்டரும் ஒரு நாள் எங்கள் வண்டியில், மறுநாள் அவர் வண்டியில். சாயங்காலமானால் இருவரும் வண்டிக்கடியில் படுத்து, போல்ட்டை இறுக்கியது யார், மரையைக் கெடுத்தது யார் என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு கழற்றி மாட்டுவார்கள். மாதக் கடைசியில் இரும்புக்காரர் வந்தபோது வண்டி சுமை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அவர் டீ குடித்துவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்து, கடையில் பஞ்சு மூட்டைக்குள் கைவிட்டபோது ஏதோ கெட்டியாக விரலில் இடித்தது. எண்ணெய்த்தாள் சுற்றிய புத்தம்புது கார்புரேட்டர். மறுபடி உள்ளே தள்ளி மூடினேன். ஏனென்றால் எங்கள் வீட்டுப் பரணில், பழைய தலையணைகளுக்குப் பின்னால், ஒரு புது பம்ப் இருப்பதையும் நான் பார்த்திருந்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணி டீயோடு வந்து வண்டியருகே நின்றாள். தரையில் நாலு கால்கள் மட்டும் தெரிந்தன.

"புதுசு எங்கயாவது வந்திருக்காண்ணே?" என்று கேட்டாள்.

"எங்க தங்கச்சி கிடைக்குது" என்றது ஒரு ஜோடிக் கால்.

"ஆயுசு பூரா அலைஞ்சாலும் கிடைக்காது" என்றது மற்றது.

அண்ணி என்னைப் பார்த்தாள். காலையில் பரணை ஒட்டடை அடித்தது அவள்தான்.

"பாவம்" என்றாள். "டீ ஆறுது, வெளிய வாங்க."