பாவுக்குப் போர்த்திய வேட்டி

கணவர் போன பிறகு வீட்டில் நானும் தறியும் தொலைபேசியும்தான். மகள் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவாள். "சாப்டியா? மாத்திர போட்டியா?" பதில் சொன்னதும் பேச்சு தீர்ந்துவிடும். வா என்று நான் கேட்டதில்லை. கேட்டு வாங்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. அந்தப் பேச்சும் நின்றுபோய்விடுமோ என்ற பயம் மட்டும் இருந்தது.

ஒரு ஞாயிறு, அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டுவைத்தேன்.

"மியூவான்னு ஒண்ணும்மா. எலக்ட்ரானுக்கு அக்கா மாதிரி. எடை ஜாஸ்தி, ஆயுசு கம்மி. காந்தத்துக்குள்ள சுத்த விட்டு எப்டி ஆடுதுன்னு பாக்கறோம். கணக்குக்கு மேல ஆடுச்சின்னா, நமக்குத் தெரியாத எதுவோ பக்கத்துல இருக்குன்னு அர்த்தம்."

"அது எங்க கெடைக்குது?"

"நாங்க மிஷின்ல உண்டாக்கறோம். வானத்துல இருந்தும் விழுந்துகினேதான் இருக்கு. உன் தல மேல கூட."

மறுநாள் விடியலில் தெருவில் என் பாவு. நெய்வதற்கு முன் பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர்செய்வதுதான் பாவு. வெயில் ஏறினால் சாயம் வெளுக்கும். வெயிலுக்கே அப்படியென்றால், கண்ணுக்குத் தெரியாமல் விழுவது என்ன செய்யுமோ. கணவருடைய வேட்டிகளைக் கொண்டுவந்து பாவின் மேல் வரிசையாகப் போர்த்தினேன்.

எதிர்வீட்டுக்காரி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா, பாவுக்கு ஜொரமா? போத்தி வச்சிக்கினு இருக்க."

"மேல இருந்து என்னவோ விழுதாம். என் பொண்ணு சொன்னா."

"கஷாயம் வச்சிக் குடு, ஜல்தியா எறங்கிடும்."

தெருவே சிரித்தது. நான் வேட்டியை எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மகளிடம் இதைச் சொன்னேன். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"வேட்டி அத தடுக்காதும்மா. கூரைக்குள்ளயும் வரும், தறிக்குழியில உன் கால் வரைக்கும் வரும். பட்டுக்கு ஒண்ணும் ஆவாது."

"ஆயுசு கம்மின்னியே. அவ்ளோ ஒசரத்துல இருந்து எப்டி வந்து சேருது?"

"நல்லா கேட்ட. அது வேகமா ஓடறதால, அதோட நேரம் நமக்கு மெதுவா போற மாதிரி இருக்கும். அதான் சாவறதுக்குள்ள தரைக்கு வந்துடுது."

அன்று மாத்திரையைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மியூவானைப் பற்றி ஏதாவது கேட்டேன். கேள்விகள் தீர்ந்ததும் பழையதையே எடுத்தேன்.

"இத போன வாரமே கேட்டியேம்மா."

"மறந்துட்டன். சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு நெய்தாலும் எனக்குச் சேலையில் ஒரு புட்டாப் பூ இடம் மாறாது. அது அவளுக்கும் தெரியும். இருந்தும், "எலக்ட்ரானுக்கு அக்கா மாதிரிம்மா," என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.